இரண்டு பெயரும் ஒருத்தியே

இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்று கிடையாது. இதை எழுபத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு வாட்ஸப் குரல்செய்தியில் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "என்னத்தா சொல்ற? பினாங்குல வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் வயசான காலத்துக்கு விசா எடுத்து வந்து உக்காந்திருக்கான். நான் பொறந்த ஊருக்கு வர்றதுக்கு அப்படி ஒன்னு இல்லையா?" என்று அத்தை கேட்டார். அது 2022ஆம் ஆண்டு. அவர் இருப்பது மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில். வர நினைத்தது மணமேல்குடிக்கு.

அவர் சொன்ன வெள்ளைக்காரரும் ஜப்பான்காரரும் உண்மைதான். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற பெயரில் 2002 முதல் அங்கே ஒரு திட்டம் நடக்கிறது. 2021இல் அதன் நிபந்தனையை உயர்த்தி, மாதம் 40,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்ட வேண்டும் என்றார்கள். 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் பிரித்தபோது வெள்ளிப் படிக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வைத்தார்கள். தாய்லாந்தில் ஐம்பது வயது தாண்டியவர் வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பையோ மாதம் 65,000 பாட் வருமானத்தையோ காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் கடலுக்கு அக்கரையில் இருக்கும் இலங்கையில் 55 வயது ஆனவர்களுக்கு ஒரு விசா இருந்தது. அதற்கு 15,000 டாலர் வைப்பு, மாதம் 1,500 டாலர் வரவு. இந்த நாடுகள் எதுவும் வந்தவரை வேலை செய்யச் சொல்வதில்லை. ஏற்கெனவே வேலை செய்து சேர்த்துவைத்ததைக் காட்டச் சொல்கின்றன.

அந்த இடத்தில்தான் நான் நின்றேன். வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஒரு பெண்ணிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

அத்தை 1966இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். மாமாவுக்கு அங்கே ரப்பர்த் தோட்டத்தில் வேலை. மூன்று ஆண்டில் நிலைமை மாறியது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்து, 1969 முதல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு ஐசி வைத்திருந்தவர்களும் அதில் அடக்கம். ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த ஆண்டுகளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். மாமாவிடம் நீல ஐசி இருந்ததால் அவர் தப்பினார். அத்தைக்குச் சிவப்பு. அதனால் அவர் பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் ஏறவில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாமாவின் நிரையில் பாதி மரங்களுக்குப் பால் வெட்டினார். வாளியைச் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோனார். எடை மாமாவின் பெயரில் எழுதப்பட்டது. சம்பளமும் மாமாவின் பெயரில் வந்தது. சேமநிதியும் மாமாவின் பெயரில் சேர்ந்தது. பிறகு தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டது. அவர்கள் பட்டணத்துக்கு வந்து, அத்தை ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் மாவாட்டி, மீன் கழுவி, குழம்பு வைத்தார். அதற்கும் பதிவு கிடையாது. அன்றன்றைக்குக் கையில் வெள்ளி கொடுத்தார்கள்.

2015இல் மாமா இறந்தபோது அவர் சேமநிதியில் மிச்சமிருந்தது மகனின் வீட்டுக் கடனுக்குப் போயிற்று. மகள் மாதம் 300 வெள்ளி அனுப்புகிறாள். எந்த நாட்டின் ஓய்வுக்கால விசாவுக்கும் அத்தை பக்கத்தில்கூடப் போக முடியாது.

இந்தியா பணத்தைக் கேட்பதில்லை. வம்சத்தைக் கேட்கிறது.

நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடும். அத்தைக்கு அது 1986இல் போனது, நீல ஐசி வந்த நாளில். 'தானாக விரும்பி' என்ற சொல்லை அவரிடம் படித்துக் காட்டியபோது, "மாமா கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன்" என்றார். அப்படிப் போனவர்களுக்காக 2005இல் சட்டத்தைத் திருத்தி 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்ற அட்டையைக் கொண்டுவந்தார்கள். சுருக்கமாக ஓசிஐ. குடிமகன் என்பது பெயரில்தான். வாக்குரிமை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் ஆயுளுக்கும் விசா. எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். மற்ற நீண்டகால விசாக்காரர்களைப் போல வந்து பதினான்கு நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணம் 275 டாலர். நம் ஊருக்குத் திரும்பிவந்து வயதான காலத்தைக் கழிக்க நினைக்கும் தமிழருக்கு உண்மையான ஓய்வுக்கால விசா இதுதான்.

"அத வாங்குனா நீல ஐசியப் புடுங்கிக்குவாங்களா?" இதுதான் அத்தையின் முதல் பயம். நியாயமான பயம். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஓசிஐ குடியுரிமை அல்ல, விசாதான் என்று நான் விளக்கினேன். "பேருலேயே குடிமகன்னு போட்டிருக்கேலா?" என்று திருப்பிக் கேட்டார். தமிழ்ப் பேராசிரியையால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

விண்ணப்பதாரர் ஒரு காலத்தில் இந்தியக் குடிமகளாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். நேரடி ஆதாரம் பழைய இந்தியக் கடவுச்சீட்டு. அதை ஒப்படைத்ததற்கான சான்றும் வேண்டும். அத்தையின் கடவுச்சீட்டை மாமாதான் வைத்திருந்தார். நீல ஐசி வந்த சமயத்தில் எங்கேயோ கொடுத்ததாகவோ தொலைந்ததாகவோ இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். மிஞ்சியது முதல் இரண்டு பக்கங்களின் நகல். அத்தை அதை ஒரு மைலோ டின்னுக்குள், தன் தாலிச் சரட்டின் பழைய குண்டுமணிகளோடு போட்டு வைத்திருந்தார். அசல் இல்லாததால் பிறந்த இடம், பெற்றோர், பெயர் மூன்றுக்கும் வேறு ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதைத் தேடும் வேலை எனக்கு வந்தது. குடும்பத்தில் எந்தப் படிவம் என்றாலும் என்னிடம்தான் வரும். முனைவர் பட்டத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் மரியாதை அது.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிறப்பு, இறப்பைக் கட்டாயம் பதிவு செய்யும் சட்டமே 1969இல் வந்தது. அத்தை 1946இல் வீட்டு நடையில் பிறந்தவர். திருமணச் சான்றிதழும் இல்லை. மாமா ஊருக்கு வந்து, கோயிலில் தாலி கட்டி, பதினைந்தாம் நாள் கப்பலேறிவிட்டார்கள். வீட்டு வரி, மின்சாரம், பட்டா எல்லாமே முதலில் தாத்தாவின் பெயரில், பிறகு பெரியப்பா, அப்பா பெயரில். வாக்காளர் அட்டை வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்னாலேயே அவர் போய்விட்டார். பிறந்து இருபது ஆண்டுகள் ஒருத்தி இந்த ஊரில் நடமாடியதற்கு அரசாங்கத்திடம் ஒரு தாள் இருந்தால் அது பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும்.

இருந்தது. அவர் படித்த பள்ளியில், கரையான் அரித்த பதிவேட்டில், 1951ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பக்கத்தில் ஒரு வரி. பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி. தேதி தலைமையாசிரியர் போட்டது. அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் பெயர் நீக்கிய ஆண்டு 1955, காரணம் 'வருகை இன்மை'.

நான் அந்த வார்த்தையைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன். அன்றிரவு குரல்செய்தி வந்தது. "வருகை இல்லாம என்ன பண்ணுனேன்? உங்கப்பன் அப்ப கைக்குழந்தை. ஆத்தா கருவாடு காயப்போடப் போயிரும். நான்தானே தூக்கிட்டுத் திரிஞ்சேன்." அப்பா பிறந்தது 1954இல். தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருந்தது. அப்பா படித்து அரசாங்க வேலைக்குப் போய், என்னைப் படிக்க வைத்து, இன்று நான் வகுப்பில் நின்று பாடம் சொல்வதன் தொடக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் வருகை இன்மை இருக்கிறது.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவேட்டில் குலதெய்வத்தின் பெயர். கடவுச்சீட்டு நகலில் வீட்டில் கூப்பிட்ட பெயர், அதோடு கணவர் பெயர். மலேசிய ஐசியில் அந்தக் கூப்பிடு பெயரே மலாய் எழுத்துக்கூட்டலில் உருமாறி, பின்னால் 'ஏ/பி', அதன்பின் தாத்தா பெயர். 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள் என்பதன் சுருக்கம் அது. அங்கே தமிழ்ப் பெண் எழுபது வயதிலும் காகிதத்தில் இன்னாருடைய மகள்தான். இங்கே கல்யாணம் முடிந்த மறுமாதம் இன்னாருடைய மனைவி. ஊரில் அவர் பெயர் இது எதுவுமே இல்லை. 'ஈப்போக்காரி' என்றால்தான் தெரியும். ஈப்போவில் அவரை 'மணமேக்குடியம்மா' என்கிறார்களாம். இருக்கும் ஊரில் போன ஊரின் பெயரும், போன ஊரில் இருந்த ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டு, இரண்டிலும் சொந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது.

எங்கள் ஊர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வருகிறது. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேற்குடி. பாண்டியனின் அமைச்சர் அவர். அதே கதையில் அவரோடு சேர்ந்து நின்றவர் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார். அமைச்சருக்கு ஊர் தெரியும், பெயர் தெரியும். அரசிக்குத் தெரிவது தந்தை சோழன், கணவன் பாண்டியன் என்ற உறவு. மங்கையர்க்கரசி என்பதே பட்டம்போல ஒலிக்கும் பெயர்தான். வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அத்தையின் மூன்று தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்தபோதுதான் அது பக்தி இலக்கியப் பாடமாக மட்டும் இல்லை என்று பட்டது.

இந்தச் சிக்கலுக்கு அலுவலக மொழியில் ஒரு தீர்வு உண்டு. முத்திரைத்தாளில் 'மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை' என்று உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவது. எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுதுபவர்கள் இதை 'இரண்டு பெயரும் ஒருவரே' என்பார்கள். அதை அதிகம் எழுதி வாங்குபவர்கள் யார் என்று கேட்டேன். "பொம்பளைங்கதான் மேடம். ஆம்பளைக்கு எதுக்குப் பேரு மாறப்போகுது?" என்றார் அவர், சாதாரணமாக.

மூன்றாவது, பெற்றோர் உறவு. தாத்தா 1984இல் இறந்தார். அவருடைய வாரிசுச் சான்றிதழ் பழைய பெட்டியில் இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா அன்று எடுத்துத் தரவில்லை. மறுநாளும் தரவில்லை. "அக்கா விசாவுக்கு அது எதுக்கு?" என்றார். பிறகு, "பட்டா நகலும் கேக்குதா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கும் தெரியும். அம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "பங்கு கேட்டுருவாங்கன்னு பயமா? கேட்டா குடுக்க வேண்டியதுதானே. அவங்க அப்பா கட்டுன வீடுதானே."

மூன்றாம் நாள் நானே பெட்டியைத் திறந்தேன். வாரிசுச் சான்றிதழ் இருந்தது. இறந்தவரின் வாரிசுகள்: மனைவி, மூத்த மகன், இளைய மகன். மூன்றே பெயர். கீழே, வேறு வாரிசுகள் இல்லை என்று ஒரு வரி.

அந்தச் சான்றிதழைப் பெரியப்பா வாங்கியிருந்தார். அவரும் இப்போது இல்லை. 1984இல் தந்தி போய்ச் சேர்ந்து, மறுநுழைவு அனுமதி வாங்கி, கப்பல் பிடித்து அத்தை வருவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதால் அவர் வரவே இல்லை. வராதவருக்குப் பெயர் இல்லாமல் போனது. இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்த மகளாக இருந்தாலும் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் பழைய வாரிசுச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் பிறக்காதவர்களாக இருப்பதை நிறைய வீடுகளில் காணலாம். பட்டா மாற்றம் எளிதாக முடிய வேண்டும், தூரத்தில் இருக்கும் பெண்ணிடம் கையெழுத்துக்கு அலைய முடியாது, அவ்வளவுதான் காரணம் என்பார்கள்.

ஆக, தாத்தாவின் மகள்தான் இவர் என்று காட்டக்கூடிய முக்கியமான தாள், தாத்தாவுக்கு மகளே இல்லை என்று சொன்னது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் பலருக்குப் பயன்படலாம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்த சட்டம் அது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை தந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கியது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்தத் திருமண வேலியை எடுத்துவிட்டது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்றது. இதெல்லாம் பரம்பரைச் சொத்துக்கு. அப்பன் தன் கையால் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த பெண், கட்டிக்கொடுக்காத பெண் என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஒரு கொக்கி மட்டும் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்காதவரை பெண் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்றது 23ஆம் பிரிவு. மணமாகாதவளும் விதவையும் கைவிடப்பட்டவளும் தங்கிக்கொள்ளலாம், அவ்வளவே. 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

எங்கள் வீட்டு மனையைத் தாத்தா மீன் வியாபாரத்தில் சம்பாதித்து விலைக்கு வாங்கினார். உயில் இல்லை. அத்தைக்கு அதில் பங்கு, தாத்தா கண்ணை மூடிய நாளிலிருந்தே இருக்கிறது. தாளில்தான் இல்லை.

இதை அத்தையிடம் சொன்னேன். நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு, "பங்கு வேணாம்த்தா. தம்பி சங்கடப்படும். பின்கட்டு ரூமும் ஒரு கயித்துக் கட்டிலும் போதும். அந்தத் தாள மட்டும் சரிபண்ணச் சொல்லு" என்றார். எங்கள் பெண்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம் இது. உறவு வேண்டுமென்றால் பங்கை விடு, பங்கு வேண்டுமென்றால் உறவை விடு என்று ஒரு தராசை நம் முன்னால் வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு அந்தத் தராசு இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட பிறகும் அண்ணன் தம்பியாகத்தான் இருந்தார்கள். நான் அத்தையிடம் ஒன்று சொன்னேன்: "தாள் சரியானா பங்கும் சரியாயிரும் அத்தே. ரெண்டையும் தனித்தனியாப் பிரிக்க முடியாது." அதை மறைத்து வைத்து அப்பாவிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் பங்கு குறைந்தால் எனக்கு வருவதும் குறையும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அப்பா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பள்ளிப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தார். 'வருகை இன்மை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது எந்த வருசம்?" என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார். பெரியப்பா மகன் நான்கு மாதம் இழுத்தடித்தான். அவனும் கெட்டவன் இல்லை. மனைவியின் நகையை வைத்து எடுத்த படகுக் கடன் அவன் தலையில் இருக்கிறது. எல்லாம் முடிந்து, தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று திருத்தின வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாதத்தில் படிவங்களை என்னோடு உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தவள் என் மாணவி ஒருத்தி. அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். அவளுடைய அம்மம்மா 1990இல் கடல் கடந்து வந்தவர். அவரும் எழுபதைத் தாண்டியவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதே தவிர உள்ளே இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. ஓசிஐ படிவத்தை நிரப்பிக்கொண்டே அவள் கேட்டாள்: "மிஸ், உங்கட அத்தை இஞ்ச பிறந்து வெளிநாட்டுக்காரி. நான் இஞ்ச பிறந்தும் வெளிநாட்டுக்காரி. இதில எங்களுக்கு எந்தக் கட்டம்?" அவளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அம்மம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போகவும் ஆசை, பேரப்பிள்ளைகளை விட்டுப் போகவும் மனமில்லை. வயதான காலத்தை எங்கே கழிப்பது என்பதை ஒருவர் தானே முடிவு செய்வது, அத்தைக்குக் கடினமாக இருந்தது. அந்த அம்மம்மாவுக்கு அப்படியொரு முடிவே கையில் இல்லை.

எங்கள் கடற்கரை முழுக்கத் திரும்பி வந்தவர்களின் கரைதான். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று எந்த ஊருக்குப் போனாலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள் திண்ணையில் இருப்பார்கள். அவர்கள் எப்படித் திரும்ப முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் போகும்போது இங்கே ஒரு பெண்ணை விட்டுப் போனார்கள். அவள் வீட்டைக் கட்டினாள், மாமனார் மாமியாரைப் பார்த்தாள், வரி கட்டினாள், கல்யாணம் காட்சிகளில் தலைகாட்டி உறவை அறுந்துபோகாமல் வைத்திருந்தாள். முப்பது ஆண்டு கழித்து அவர் வந்து இறங்கியபோது கட்டிலும் சோறும் மரியாதையும் தயாராக இருந்தன. அவருடைய ஓய்வுக்கால விசாவும் அதற்கான வைப்புத்தொகையும் அவள்தான். போன பெண்ணுக்கு அப்படி யாரும் இங்கே காத்திருக்கவில்லை. அவள் போன அன்றே அவள் படுத்த இடத்தில் நெல் மூட்டை அடுக்கிவிட்டார்கள்.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். இல்லத்தரசி என்றும் போடலாம், ஓய்வு பெற்றவர் என்றும் போடலாம். அத்தையைக் கேட்டேன். "ஓய்வா? நான் எப்ப ரிட்டையர் ஆனேன்? இப்பத்தான் பேத்திக்குச் சோறு ஊட்டிட்டு வர்றேன்" என்றார். இல்லத்தரசி என்று போட எனக்கு விருப்பமில்லை. பதினாறு ஆண்டு பால் வெட்டியவருக்கும் இருபத்திரண்டு ஆண்டு கடைக்குச் சமைத்தவருக்கும் அது பொய்யான சொல். ஓய்வு பெற்றவர் என்றே போட்டேன். எந்த வேலையிலிருந்து என்று யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

2023 கடைசியில் அட்டை வந்தது. அத்தை பொங்கலுக்கு வந்து இறங்கினார். பின்கட்டு அறையில் அவர் பெட்டியை வைத்தபோது அப்பா அதை எடுத்துக்கொண்டுபோய் முன்னறையில் வைத்தார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனால், அத்தை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கப் பார்த்தார். அந்தச் சண்டை இன்றும் தினமும் நடக்கிறது. அம்மாவுக்கும் எழுபது நெருங்குகிறது. அவருக்கும் யாரும் ஓய்வு என்று ஒரு தேதி சொல்லவில்லை. இப்போது ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அத்தை, ஞாயிற்றுக்கிழமை அப்பா என்று முறை வைத்திருக்கிறோம். அப்பாவின் குழம்பு வாயில் வைக்க முடியாது. யாரும் அதைச் சொல்லி அவருக்கு விடுமுறை கொடுத்துவிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

வெளிநாட்டில் அக்காவோ அத்தையோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடுதான் வேண்டும் என்றில்லை, பக்கத்து ஊரில் இருந்தாலும் சரி. உங்கள் தாத்தாவின், அப்பாவின் வாரிசுச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெண்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

பட்டாவில் மூன்றாவது பெயரைச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பெரியப்பா மகனின் ஆட்சேபணை இன்னும் தீரவில்லை. அத்தை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டார். பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயரைப் போடச் சொன்னேன். அறுபத்தொன்பது ஆண்டு கழித்து அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.